டெப்பில் படம் பார்க்க வெளிச் சேமிப்பு: சிப், பென் டிரைவ், ஹாட் டிஸ்க்

கொழும்பு கோட்டையிலிருந்து உதயதேவி புகையிரதத்தில் மட்டக்களப்புக்கு வரும் ஒருவர் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக ஆசனத்தில் அமர்ந்திருக்க வேண்டும். பொலன்னறுவை கழிந்து வெலிக்கந்தை, புனானைக் காட்டுப் பகுதிக்குள் புகையிரதம் நுழைந்ததும், இணையத்தில் ஓடிக்கொண்டிருந்த படம் சுழலும் வட்டமாகி நின்றுவிடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் என் பெரியம்மாவின் வீட்டிலும் இதே குறைதான். முற்றத்து வேம்படியில் நின்றால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். அறைக்குள் வந்தால் அதுவும் போய்விடும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கல்லடியிலும் கல்முனையிலும்கூட, சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு ஏறத்தாழ 1 ஜிபி டேட்டாவும் உயர்ந்த தெளிவில் 3 ஜிபி வரையும் கரைந்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றபோது, வீட்டு வைஃபையை நம்பியிருந்தவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

படங்களை டெப்புக்குள்ளேயே (டெப்லட் கணினிக்குள்ளேயே) இறக்கி வைக்கலாமே என்று கேட்பவர்கள், தங்கள் டெப்பில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பெரியம்மாவின் டெப் 32 ஜிபி கொண்டது. இயங்குதளமும் செயலிகளும் பேரப்பிள்ளைகளின் புகைப்படங்களும் போக அதில் 5 ஜிபிகூட மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே படங்களை வெளியே ஒரு சேமிப்பில் வைத்து, அங்கிருந்தே நேராக ஓட்டுவதுதான் வழி. இதை முதன்முதலாகச் செய்யப்போகிறவர்களுக்காகவே, குறிப்பாக அன்ட்ரொய்ட் டெப் வைத்திருப்பவர்களுக்காக, இதனை எழுதுகிறேன்.

உங்கள் டெப்பில் என்ன துளை இருக்கிறது

கடைக்குப் போவதற்கு முன் டெப்பைக் கையில் எடுத்து அதன் நான்கு ஓரங்களையும் பாருங்கள். ஓர் ஓரத்தில் ஊசி நுழைக்கும் சிறு துளையுடன் ஒரு தட்டோ, நகத்தால் திறக்கும் ஒரு மூடியோ இருந்தால், அங்கே நாம் சிப் என்று அழைக்கும் மைக்ரோ எஸ்டி அட்டையைச் செருக இடமிருக்கும். சில டெப்களில் அந்தத் தட்டு சிம் அட்டைக்கு மட்டுமே உரியது. வேறு சிலவற்றில் சிம்மும் சிப்பும் அருகருகே அமரும். தட்டை வெளியே இழுத்துப் பார்த்தால், 15 மில்லிமீற்றர் நீளமும் 11 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சிப்புக்கான குழி இருக்கிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். அடுத்து, சார்ஜ் செய்யும் துளை எந்த வகை என்று பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் வயர் நுழையுமானால் அது டைப் சி. ஒரே பக்கமாக மட்டும் நுழையுமானால் பழைய மைக்ரோ யூஎஸ்பி.

இரண்டு வழியும் திறந்திருந்தால் எதைத் தேர்வது என்று கேட்டால், தயங்காமல் சிப்பையே தேருங்கள் என்பேன். பென் டிரைவைச் செருகினால் டெப்பின் ஒரே துளை அடைபட்டுவிடும். பற்றரி இறங்கும்போது பவர் பேங்கை இணைக்க இடமிருக்காது. அத்தோடு பஸ்ஸில் மடியில் வைத்துப் பார்க்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பென் டிரைவில் ஒரு கை பட்டால்கூடப் படம் நின்றுவிடும். பலமாகப் பட்டால் துளையே ஆட்டம் கண்டுவிடும். சிப் உள்ளே அடங்கியிருக்கும், மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுக்கும், சார்ஜ் துளையையும் விட்டுவைக்கும். பென் டிரைவை இரண்டாவதாகவும் ஹாட் டிஸ்க்கை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டுமாகவும் நான் கருதுகிறேன்.

சிப் வாங்கும்போது

சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைக் கண்டு பலர் மலைத்துப்போகிறார்கள். படம் பார்ப்பதற்கு வேகம் பெரிய விடயம் அல்ல. இரண்டு மணி நேரத்தில் ஓடி முடியும் 1.4 ஜிபி படம் ஒன்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 0.2 மெகாபைட் மட்டுமே போதும். வட்டத்துக்குள் 10 என்று எழுதிய கிளாஸ் 10 சிப் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும். நமக்குத் தேவையானதைப் போல அது ஐம்பது மடங்கு. கூடுதல் வேகமுள்ள சிப்பினால் கிடைக்கும் ஒரே பயன், கணினியிலிருந்து படங்களைப் பிரதி எடுக்கும் நேரம் குறைவதுதான். யூ3, ஏ2 போன்ற அடையாளங்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கொள்ளளவைத்தான் யோசித்து வாங்க வேண்டும். சிப்களில் 32 ஜிபி வரையானவை எஸ்டிஎச்சி என்றும், அதற்கு மேல் 2 டிபி (ஏறத்தாழ 2000 ஜிபி) வரையானவை எஸ்டிஎக்ஸ்சி என்றும் குறிக்கப்படும். டெப்பின் பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரத் தாளிலோ எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று எழுதியிருக்கும். அதைத் தாண்டி வாங்காதீர்கள். 64 ஜிபி சிப் ஒன்றில் மேலே சொன்ன அளவுள்ள படங்கள் நாற்பதுக்கு மேல் அடங்கும். அதைச் செருகியதும் டெப் 59 ஜிபி சொச்சம் என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரங்களாகவும் கருவி 1024களாகவும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

உண்மையான ஏமாற்று வேறு விதமாக நடக்கும். பெரியப்பாவின் சிகிச்சைக்காகக் கொழும்பில் தங்க வேண்டி வந்தபோது, நடைபாதைக் கடையொன்றில் 512 ஜிபி என்று எழுதிய சிப் ஒன்றை நம்ப முடியாத மலிவு விலைக்கு வாங்கினேன். டெப்பில் செருகியதும் 512 ஜிபிக்குரிய அளவையே அது காட்டியது. நாற்பது படங்களைப் பிரதி எடுத்தேன். பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. வார்ட்டில் கட்டிலோரமாக அமர்ந்து அவர் ஆசைப்பட்டுக் கேட்ட பழைய படத்தைத் திறந்தபோது, கறுத்த திரைதான் வந்தது. முதலில் பிரதி எடுத்த பன்னிரண்டு படங்கள் மட்டும் ஓடின. மற்றவை பெயரளவில் இருந்தனவே தவிர உள்ளே ஒன்றும் இல்லை. அந்தச் சிப்பின் உண்மையான கொள்ளளவு 16 ஜிபி. உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி, 512 என்று பொய் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். 16 நிறைந்த பின் எழுதப்படுவது எங்கும் சேமிக்கப்படுவதில்லை, அல்லது முன்னர் எழுதியதன் மேலேயே போய் விழுகிறது. அன்று பெரியப்பா "பரவாயில்லை மகன், இன்னொரு நாளைக்குப் பார்ப்பம்" என்றார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

ஆகவே புதிய சிப்பை வாங்கிய அன்றே, அதில் எதையும் போடுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளும், லினக்ஸிலும் மெக் கணினியிலும் எஃப்3 என்ற மென்பொருளும் இந்த வேலையைச் செய்யும். சிப்பின் முழு இடத்தையும் சோதனைத் தரவால் நிரப்பி, பின்னர் அதைத் திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று அவை ஒப்பிடும். 64 ஜிபி சிப்புக்கு இதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இரவில் ஓடவிட்டுப் படுங்கள். பிழை என்று வந்தால் மறுநாளே பற்றுச்சீட்டுடன் கடைக்குத் திரும்பலாம். பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

செருகுவதும் ஃபோர்மட் செய்வதும்

முதல் தடவை செருகும்போது டெப்பை நிறுத்திவிட்டுச் செய்வது பாதுகாப்பானது. சிப்பின் ஒரு முகத்தில் எழுத்தும் மறுமுகத்தில் எட்டுப் பொன்னிறத் தகடுகளும் இருக்கும். தகடுகளை விரலால் தொடாதீர்கள். வியர்வையும் உப்பும் அவற்றில் படியும். தட்டுள்ள டெப்களில் பெரும்பாலும் எழுத்து மேலேயும் தகடுகள் கீழேயும் இருக்கும்படி அமர்த்த வேண்டும்; குழியின் வடிவமும் சிப்பின் வெட்டிய மூலையும் ஒன்றோடொன்று பொருந்தினால் சரியாக இருக்கிறது என்று பொருள். பொருந்தாவிட்டால் அழுத்தித் திணிக்காமல் திருப்பிப் பாருங்கள்.

டெப்பைத் திறந்ததும் புதிய சிப்பை எப்படிப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்ற கேள்வி வரலாம். 2015இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 6 முதற்கொண்டு, சிப்பை டெப்பின் உள் சேமிப்பாகவே இணைத்துக்கொள்ளும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. இன்டர்னல் என்பதை அழுத்தினால் சிப் வேறு கருவி வாசிக்க முடியாத பூட்டெழுத்தில் மாற்றப்பட்டு அந்த ஒரு டெப்புக்கு மட்டுமே உரியதாகிவிடும். பிறகு அதைக் கழற்றிக் கணினியில் போட்டால் வெற்றுச் சிப்பாகவே தெரியும். டெப் பழுதானால் படங்களும் அதோடு போய்விடும். படம் பார்க்கும் தேவைக்கு, கழற்றி வேறு கருவியிலும் போடக்கூடிய போர்ட்டபிள் என்பதையே தெரிவுசெய்ய வேண்டும். கேள்வி எதுவும் கேட்காத டெப்களில் சிப் தானாகவே போர்ட்டபிளாகத்தான் இணையும்.

இனி, புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சேமிப்பிலும் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் ஃபோர்மட் என்கிறோம். ஃபெட்32, எக்ஸ்ஃபெட், என்டிஎஃப்எஸ் என மூன்று முறைகளை நாம் அடிக்கடி காண்கிறோம். ஃபெட்32 முறையை எல்லாக் கருவிகளும் அறியும்; ஆனால் அதில் தனிக் கோப்பொன்று 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. எக்ஸ்ஃபெட்டில் அந்த எல்லை இல்லை. அண்மைக்காலத்து டெப்களில் பல அதை வாசிக்கும். என்டிஎஃப்எஸ் விண்டோஸ் கணினிக்கு உரியது. அன்ட்ரொய்ட் டெப்களில் பல அதை வாசிக்காமல், சேமிப்புப் பழுதாகிவிட்டது, ஃபோர்மட் செய்யவா என்று கேட்கும். அந்த நேரத்தில் பதற்றத்தில் ஆம் என்று அழுத்திவிட்டால் உள்ளே இருந்த அனைத்தும் அழிந்துவிடும்.

4 ஜிபி எல்லை எங்கள் பக்கத்தில் எப்படி வந்து நிற்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உறவினர் ஒருவர் தங்கள் ஊரில் விடியவிடிய ஆடிய வடமோடிக் கூத்தைப் பதிவுசெய்து, வீடியோ கடையில் தொகுத்து, ஒரே கோப்பாக வாங்கி வைத்திருந்தார். அது 6 ஜிபிக்குச் சற்று மேல். அவருடைய 32 ஜிபி சிப்பில் 20 ஜிபி வெறுமையாகக் கிடந்தும், பிரதி எடுக்கத் தொடங்கியதுமே கோப்பு மிகப் பெரிது என்று கணினி மறுத்துவிட்டது. இடமிருக்க ஏன் மறுக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. சிப் பழுது என்றே முடிவு செய்திருந்தார். 32 ஜிபி வரையான சிப்கள் கடையிலிருந்து வரும்போதே ஃபெட்32 முறையிலும், 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை எக்ஸ்ஃபெட் முறையிலும் வரும் என்பதை அறிந்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. சிப்பில் இருந்தவற்றைக் கணினியில் ஒரு கோப்புறைக்கு எடுத்துவைத்துவிட்டு, எக்ஸ்ஃபெட் முறையில் ஃபோர்மட் செய்து கொடுத்தேன். கூத்து முழுவதும் அதில் அமர்ந்தது.

ஃபோர்மட் செய்யும் முறை இதுதான். கணினியில் சிப்பைச் செருகி, அதன் பெயர் மீது வலது பொத்தானை அழுத்தி, ஃபோர்மட் என்பதைத் தெரிவுசெய்து, முறை என்ற இடத்தில் எக்ஸ்ஃபெட்டை வைத்துத் தொடங்குங்கள். தொடங்குவதற்கு முன், தெரிவுசெய்திருப்பது சிப்தான், கணினியின் வேறொரு பகுதி அல்ல என்பதைக் கொள்ளளவைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்யுங்கள். கணினி இல்லாதவர்கள் டெப்பிலேயே செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் என்று போய்ச் சிப்பைத் தொட்டால் ஃபோர்மட் செய்யும் வழி கிடைக்கும். டெப் தனக்குப் பொருத்தமான முறையைத் தானே தெரிந்துகொள்ளும் என்பதால், பழைய டெப்களுக்கு இதுவே நல்லது. எக்ஸ்ஃபெட்டை வாசிக்காத பழைய டெப் என்றால், ஃபெட்32 முறையிலேயே வைத்துக்கொண்டு படக் கோப்பைத்தான் 4 ஜிபிக்குக் கீழே சுருக்க வேண்டும். அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

படங்களைப் பிரதி எடுக்கும்போது டெப்பை வயரால் கணினியோடு இணைப்பதைவிட, சிப்பைக் கழற்றிக் கார்ட் ரீடரில் போட்டு எடுப்பது விரைவானது. நொடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் 1.4 ஜிபி படம் இரண்டரை நிமிடத்துக்குள் போய்விடும். பிரதி முடிந்ததும் சிப்பை இழுத்துவிடாமல், கணினியிலும் டெப்பிலும் இஜெக்ட் அல்லது அன்மவுன்ட் என்பதை அழுத்திய பின்னரே கழற்றுங்கள்; கடைசிக் கோப்பு அரைகுறையாக நிற்பதற்கு இந்த அவசரம்தான் பெரும்பாலும் காரணம்.

பென் டிரைவையும் ஹாட் டிஸ்க்கையும் இணைத்தல்

சிப்புக்கு இடமில்லாத டெப்களுக்கு ஓடிஜி என்ற வழி இருக்கிறது. வழக்கமாகக் கணினிக்கு முன்னால் டெப் ஒரு துணைக் கருவியாகத்தான் நடந்துகொள்ளும். ஓடிஜி மூலம் அதுவே தலைமைக் கருவியாகி, தன்னோடு இணைக்கப்பட்ட பென் டிரைவை வாசிக்கும். மைக்ரோ யூஎஸ்பி டெப் என்றால் ஓடிஜி என்றே கேட்டு வயர் வாங்க வேண்டும். சாதாரண வயரில் வெறுமையாக விடப்பட்டிருக்கும் முனையொன்று ஓடிஜி வயரில் நிலமுனையோடு இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டுதான் டெப் தன் நிலையை மாற்றுகிறது. டைப் சி டெப்புக்கு, ஒரு பக்கம் டைப் சியும் மறுபக்கம் வழமையான யூஎஸ்பித் துளையும் கொண்ட சிறு இணைப்பி போதும். இரு பக்கமும் வெவ்வேறு முனை கொண்ட பென் டிரைவ்களும் கிடைக்கின்றன. இணைப்பியைத் தொலைத்துவிடும் பழக்கமுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அவை நல்லவை.

செருகியதும் அறிவிப்பு ஒன்றும் வராவிட்டால் உடனே கருவியைக் குறைசொல்ல வேண்டாம். சில நிறுவனங்களின் கருவிகளில் செட்டிங்ஸுக்குள் ஓடிஜி என்ற ஆளியைத் திறந்துவிட வேண்டும். சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே அணைந்தும் விடும். கடையில் வாங்கும்போதே டெப்பைக் கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குவது மிக நல்லது.

ஹாட் டிஸ்க்கின் பிரச்சினை மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லி அம்பியர் வரை கொடுக்க வேண்டும் என்பது நியதி. ஹாட் டிஸ்க்கின் தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். போதாதபோது உள்ளிருந்து டிக், டிக் என்று ஒரே சீரான ஒலி வரும். விளக்கு எரிந்து எரிந்து அணையும். டெப்பில் ஒன்றும் தெரியாது. அந்த ஒலி கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள், திரும்பத் திரும்ப முயலாதீர்கள். தனி மின்சாரம் எடுக்கும், பல துளைகள் கொண்ட யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்தால் சிக்கல் தீரும். மேசையில் நிறுத்திவைக்கும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்கு அதற்கே உரிய மின்னிணைப்பு இருந்தே ஆக வேண்டும். தட்டு சுழலும் டிஸ்க்கைப் பஸ்ஸில் ஓடவிடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அசையும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றால் அந்தப் பயம் இல்லை. ஆனால் அதுவும் டெப்பின் பற்றரியைத்தான் குடிக்கும்.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லை

பெரியம்மாவுக்கு முதன்முதலில் படங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார்: "படம் ஓடுது, சத்தம் வருதில்லயே மகன்." ஒலிபெருக்கி பழுதோ என்று நானும் முதலில் பயந்தேன். காரணம் அதுவல்ல. எம்பி4, எம்கேவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது வெறும் பெட்டியின் பெயர்தான். அந்தப் பெட்டிக்குள் காட்சி ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். டிடிஎஸ், ஏசி3 போன்ற முறைகளில் சுருக்கிய ஒலியை டெப்போடு வரும் ஓட்டும் செயலிகள் பலவற்றால் விரிக்க முடியாது. காட்சி மட்டும் ஓடும். விஎல்சி என்ற இலவசச் செயலியை நிறுவி அதே படத்தைத் திறந்தபோது சத்தம் வந்துவிட்டது. அந்தச் செயலிக்கு விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆகவே புதியவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்வதில்லை. முதல் தடவை திறக்கும்போது கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்கும். அதைக் கொடுக்காவிட்டால் சிப்பில் இருக்கும் படங்கள் பட்டியலில் வராது.

சத்தம் சரியாக இருந்து காட்சி மட்டும் வெட்டி வெட்டி ஓடினால், குற்றம் சிப்பின் வேகத்தில் இல்லை; டெப்பின் வலு அந்தச் சுருக்கத்துக்குப் போதவில்லை என்று பொருள். 2003இல் வந்த எச்.264 முறையை ஏறத்தாழ எல்லா டெப்களும் இலகுவாக விரிக்கும். 2013இல் வந்த எச்.265, அதாவது எச்ஈவிசி முறை, அதே தெளிவைச் சிறிய கோப்பில் தந்தாலும், அதற்குரிய வன்பொருள் இல்லாத பழைய டெப்களைத் திணறடிக்கும். பற்றரியும் விரைவில் இறங்கும். அப்படியான படங்களைக் கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் 720பி தெளிவில் எச்.264 முறைக்கு மாற்றுங்கள். ஒலியை ஏஏசி முறைக்கு மாற்றுங்கள். எட்டு முதல் பத்து அங்குலம் வரையான திரையில் 720பிக்கு மேல் போவதால் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைச் சுருக்குவதற்கும் இதுவே வழி. மாற்றுவதற்குக் கணினி நீண்ட நேரம் எடுக்கும், அதுவரை பொறுமை வேண்டும்.

தமிழ் எழுத்துகள் ஓடும் துணைக் கோப்பு இருந்தால், படத்தின் பெயரையே அதற்கும் வைத்து ஒரே கோப்புறையில் போடுங்கள். விஎல்சி தானாகவே சேர்த்துக்கொள்ளும். எழுத்துக்குப் பதிலாகப் புரியாத குறிகள் தெரிந்தால், அந்தக் கோப்பைக் கணினியின் நோட்பேடில் திறந்து, யூடிஎஃப்-8 முறையில் மீண்டும் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கும் செயலியில் இறக்குபவர்களுக்கும்

ஐபேட்டில் சிப் செருக இடமே இல்லை. 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதற்கொண்டு, பென் டிரைவைச் செருகி ஃபைல்ஸ் என்ற செயலியில் திறந்து பார்க்கலாம். டைப் சி உள்ள ஐபேட்டுக்கு நேரடி இணைப்பி போதும். பழைய லைட்னிங் துளைக்கு அதற்கென்றே உள்ள யூஎஸ்பி இணைப்பி வேண்டும். பென் டிரைவை எக்ஸ்ஃபெட் முறையில், பிரிக்காமல் ஒரே பகுதியாக ஃபோர்மட் செய்து, படங்களை எம்பி4 ஆக மாற்றி வைத்தால் அலைச்சல் இல்லை.

நெட்பிளிக்ஸ் போன்ற கட்டணச் செயலிகளில் இறக்கும் படங்களையும் அன்ட்ரொய்டில் சிப்புக்கு அனுப்பலாம். செயலியின் அமைப்புகளில் இறக்கும் இடம் என்பதை மாற்ற வேண்டும். ஆனால் அவை பூட்டப்பட்ட கோப்புகள். சிப்பைக் கழற்றி வேறு டெப்பில் போட்டால் ஓடாது. பதிப்புரிமை உள்ள படத்தை உரியவரின் அனுமதியின்றிப் பிரதி எடுத்துப் பரப்புவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது. சிப் நிறையப் படம் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளில் கேட்டு வாங்குவதைத் தவிருங்கள். விலைகொடுத்து இறக்கியவை, உரியவர்களே இலவசமாக விட்டவை, உங்கள் வீட்டுக் கல்யாணம், கோயில் திருவிழா, கூத்துப் பதிவுகள் ஆகியனவே ஒரு சிப்பை நிரப்பப் போதும்.

பயணத்துக்கு முதல்நாள் இரவு

புறப்படுவதற்கு முதல்நாள் இரவே டெப்பை விமானப் பயன்முறையில் போட்டு, இணையம் முழுவதுமாக இல்லாத நிலையில் ஒவ்வொரு படத்தையும் திறந்து, தொடக்கத்தையும் நடுவையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் இழுத்துப் பாருங்கள். தொடக்கம் ஓடுவதால் முழுதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அரைகுறையாகப் பிரதியான கோப்பு நடுவழியில்தான் தன்னைக் காட்டும். புகையிரதத்தில் அதைச் சரிசெய்யக் கணினியும் இல்லை, கார்ட் ரீடரும் இல்லை. பயணத்திலும் விமானப் பயன்முறையிலேயே பார்த்தால், சிக்னலைத் தேடித் தேடிப் பற்றரி வீணாவது குறையும். காதில் மாட்டும் வயரை மறக்காதீர்கள். பக்கத்து ஆசனத்தவரின் நித்திரையையும் நினைக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது இன்னும் சற்று மினக்கெட வேண்டும். பெரியம்மாவின் சிப்பில் கோப்புறைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன்: பழைய படங்கள், பக்திப் படங்கள், எங்கள் வீட்டுப் பதிவுகள். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் இருந்த நீண்ட ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அழித்து, படத்தின் பெயரை மட்டும் தமிழில் விட்டேன். முகப்புத் திரையில் விஎல்சியைத் தவிர வேறொன்றும் வைக்கவில்லை. பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து தொடரும்படி அமைத்ததும், அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் பார்ப்பார், மறுநாள் அங்கிருந்தே தொடர்வார்.

எங்கள் கரையோரக் காற்றில் உப்பு இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். பயன்படுத்தாத சிப்பையும் பென் டிரைவையும் புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொதியோடு சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். தகடுகள் மங்கினால் உலர்ந்த மென்மையான துணியால் துடையுங்கள், தண்ணீர் தொடக்கூடாது. வீட்டுப் பதிவுகளைச் சிப்பில் மட்டும் வைத்திருக்காதீர்கள். சிப் முன்னறிவிப்பில்லாமல் செத்துப்போகும், கல்யாண வீடியோ இரண்டாவது தடவை எடுக்க முடியாதது. கணினியிலோ வீட்டு ஹாட் டிஸ்க்கிலோ இன்னொரு பிரதி இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிப்பை எடுத்து டெப்பில் செருகி ஏதாவதொரு படத்தின் நடுப்பகுதியை ஓட்டிப் பாருங்கள். தடுமாறினால், அன்றே அந்தப் பிரதியிலிருந்து புதிய சிப்பொன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.